ஓடர்: ஒரு சொல்லுக்குள் நாலு ஒழுங்கை

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு அக்கா இடியப்பம் அவித்து விற்கிறா. பின்னேரம் நாலு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவா. அவவின் குசினிச் சுவரில் ஆணியடித்து ஒரு அப்பியாசக் கொப்பி தொங்கும். இடப்பக்கம் பெயர், நடுவில் எண்ணிக்கை, வலப்பக்கம் சொதியா சம்பலா என்ற குறிப்பு. "சங்கக்கடை மாமா 30, சொதி." "வாசிகசாலைத் தம்பியவை 50, சம்பல் கூட." காசு தந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சரி. கொப்பி மட்டையில் பெரிய எழுத்தில் "ஓடர்" என்று இருக்கும்.

அவவின் மகள் என்னிடம் ஆங்கிலம் படிக்கிறாள். இந்த முறை சாதாரண தரம் எழுதப் போகிறவள். ஒருநாள் வகுப்பில் கை உயர்த்தினாள்.

"சேர், டிக்சனரியில ஓடர் எண்டா கட்டளை, உத்தரவு எண்டு கிடக்கு. அப்ப சனம் அம்மாவுக்குக் கட்டளையோ போடுது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இருபது வருசமாக ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு, இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்று ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. சென்னையில் இதை "ஆர்டர்" என்று எழுதுவார்கள். நாங்கள் "ஓடர்" என்கிறோம். ஆங்கிலேயர் வாயில் அந்த நடு "ர்" கேட்காது, ஆகவே எங்கள் காதுக்கு விழுந்ததை எழுதிவிட்டோம். அமெரிக்கர் சொன்னால் "ர்" கேட்கும். இரண்டும் சரி.

இனி அந்தக் கொப்பியைத் திரும்பப் பாருங்கள். சனம் கேட்டது ஓடர். கேட்டதை முதல் வந்தவர் முதலாக எழுதியிருக்கிறாவே, அந்த வரிசையும் ஓடர். பெயர் பெயராக, எண் எண்ணாக, கோடு பிசகாமல் இருக்கிற அந்தச் சீரும் ஓடர். "பிள்ளை, முதல் சங்கக்கடை மாமான்ரயக் கட்டு" என்று மகளை ஏவுகிறாவே, அதுவும் ஓடர். ஆங்கிலம் நாலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தமிழில் நாலுக்கும் வேறு வேறு சொல். தொல்லை முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

ஏன் ஒரே சொல்? இலத்தீனில் "ஓர்டோ" என்றொரு சொல் இருந்தது. வரிசை, நிரை என்று பொருள். தறியில் நூல்களை இழை இழையாக நிரைத்து வைப்பதிலிருந்து அந்தச் சொல் பிறந்தது என்பார்கள். நெய்கிறவன் நூலை வரிசையில் வைத்தால்தான் சீலை சீராக வரும். வரிசை வைத்தது வைத்தபடி இருந்தால் அது சீர். அந்தச் சீரைக் காக்க ஒருவர் சொல்கிற சொல் கட்டளை. கடைக்காரருக்கு "இன்னது இவ்வளவு வேண்டும்" என்று சொல்வது அந்தக் கட்டளையின் மரியாதையான தம்பி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் வந்து ஏறக்குறைய 800 வருசம் ஆகிறது. அதற்குள் எல்லாப் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

எங்கள் பக்கத்திலும் இதே போல ஒன்று இருக்கிறது, நாங்கள்தான் கவனிப்பதில்லை. ஒழுகு, ஒழுக்கம், ஒழுங்கு எல்லாம் ஒரே குடும்பம். தண்ணீர் நேரே ஒழுகிற மாதிரி நடப்பது ஒழுக்கம், நேரே இருப்பது ஒழுங்கு. யாழ்ப்பாணத்தில் இரண்டு பக்கமும் வேலி நிரையாகப் போகிற ஒடுக்கமான பாதைக்கு ஒழுங்கை என்று பெயர். வேலி எத்தனை தரம் நகர்ந்து பாதையைத் தின்றிருந்தாலும் பெயர் ஒழுங்கைதான்!

கட்டளை என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. அது ஏவல் மட்டும் என்று நினைக்கிறோம். செங்கல் அறுக்கிற அச்சுக்கும் கட்டளை என்று பெயர் உண்டு. யாப்பில் கட்டளைக் கலித்துறை இருக்கிறது: அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அபிராமி அந்தாதி அந்த யாப்புத்தான். ஏவலும் அளவும் ஒரே சொல்லில் கிடப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பிள்ளைகளுக்கு நான் சொல்கிற வழி இதுதான். ஓடர் என்ற சொல் வந்தவுடன் ஆங்கில ஒத்தசொல் தேடி ஓடவேண்டாம். அந்த இடத்தில் உங்கள் அம்மா என்ன சொல்லுவா என்று முதலில் கேளுங்கள். கட்டளை என்பாவா, ஒழுங்கு என்பாவா, வரிசை என்பாவா, அல்லது ஓடர் என்றே சொல்லிவிடுவாவா? அதைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் எந்த ஒழுங்கைக்குள் திரும்புவது என்று தெரிந்துவிடும்.

கட்டளைப் பக்கத்தில் ஆங்கிலத்துக்குப் பல படிகள் உண்டு. கீழ்ப்படியில் ரிக்வெஸ்ட், அது வேண்டுகோள். மறுக்கலாம். அடுத்தது இன்ஸ்ட்ரக்ட். சோதனைத் தாளின் தலைப்பில் "அறிவுறுத்தல்கள்" என்று இருக்குமே, அதுதான். எப்படிச் செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்வது. பிறகு டிரெக்ட். காலையில் உதயன் பத்திரிகையையோ வலம்புரியையோ விரித்தால் "அமைச்சர் அதிகாரிகளுக்குப் பணிப்புரை விடுத்தார்" என்று இருக்கும். அந்தப் பணிப்புரைக்கு டிரெக்ட் அல்லது இன்ஸ்ட்ரக்ட் பொருந்தும். "நீதவான் 14 நாள் விளக்கமறியலில் வைக்க உத்தரவிட்டார்" என்றால் அங்கே ஓடர். மறுக்க முடியாது, பின்னால் சட்டம் நிற்கிறது. கொமாண்ட் என்றால் பட்டாளத்து வாடை வரும். எங்கள் பத்திரிகைகள் "கட்டளைத் தளபதி" என்று எழுதுவது அந்தக் கொமாண்டைத்தான். டிக்ரீ என்றால் ராசா போடுவது, அல்லது வழக்கு முடிவில் நீதிமன்றம் எழுதித் தருவது.

இதே வேரில் வந்த இன்னொரு சொல்லும் எங்கள் வாழ்க்கையில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையில் போட்ட சட்டங்களை ஆங்கிலத்தில் ஓடினன்ஸ் என்பார்கள், தமிழில் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்துச் சட்டமாக்கினார்கள். பிறகு யாழ்ப்பாணத்தாரின் விவாக உரிமை, முதுசம் பற்றி ஆங்கிலேயர் 1911இல் கொண்டுவந்ததும் ஒரு கட்டளைச் சட்டம்தான். காணி உறுதி எழுதப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஒழுங்கு பண்ணுறது என்ற எங்கள் வழக்கைக் கொண்டுபோய் ஓடர் என்ற சொல்லோடு ஒட்டியதில் நானே ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். 2010இல் ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளனாக வேலை. மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் கூட்டம் வைக்க வேண்டும். சனத்தோடு கதைத்து, பத்து மணிக்கு வரச் சம்மதித்து, எல்லாம் ஒழுங்காகிவிட்டது. இணைப்பாளராக இருந்த வெளிநாட்டு அம்மணிக்கு ஈமெயில் போட்டேன்: "வி ஹாவ் ஓடர்ட் த வில்லேஜர்ஸ் ஃபோ த மீற்றிங்." சனத்தைக் கூட்டத்துக்கு ஒழுங்கு பண்ணியாச்சு என்பது என் மனத்தில். பத்து நிமிடத்தில் போன் வந்தது. குரல் நடுங்கியது. "யார் கட்டளையிட்டது? ஆமியா? சனம் விரும்பி வரவில்லை என்றால் கூட்டமே வேண்டாம்." அந்த வருசம், அந்த இடம். அவ பயந்ததில் பிழையில்லை. நான் எழுதியிருக்க வேண்டியது: "வி ஹாவ் அரேஞ்ட் எ மீற்றிங் வித் த வில்லேஜர்ஸ்." அரேஞ்ச் என்பதுதான் எங்கள் ஒழுங்கு பண்ணுறது. கலியாண வீட்டில் "எல்லா அடுக்கும் பண்ணியாச்சோ?" என்று கேட்பார்களே, அந்த அடுக்கும் அரேஞ்ச்மென்ற்தான். கூட்டத்தை அரேஞ்ச் பண்ணலாம், வானை அரேஞ்ச் பண்ணலாம். ஆட்களை ஓடர் பண்ணினால் அது ஏவல்.

இன்னொரு சின்னப் பிழை, ஆனால் ஒவ்வொரு தவணையும் திருத்துகிறேன். "எனக்கு உத்தரவிட்டார்" என்பதில் ஒரு "கு" இருக்கிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் "ஹி ஓடர்ட் டு மீ" என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே "டு" வராது. "ஹி ஓடர்ட் மீ டு கோ." போகச் சொன்னார் என்பதில் போவதற்கு முன்னால்தான் "டு".

அதே "கு" கடையிலும் காலை வாரும். "பேக்கரிக்கு ஓடர் குடுத்தனான்" என்கிறோம். ஆங்கிலத்தில் பேக்கரியிலிருந்துதான் ஓடர் பண்ணுவார்கள், "ஃப்ரொம்" போடவேண்டும். குடுத்தனான் என்பதற்குக் "கிவ்" போட்டாலும் விளங்கும், ஆனால் கட்டளை போட்ட சாயல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் "பிளேஸ்" பண்ணுவார், கடைக்காரர் "டேக்" பண்ணுவார். அதாவது ஓடரை வைப்பது நாங்கள், எடுப்பது அவர்கள்.

சாப்பாடு, கேக், பலகாரம், தளபாடம் எல்லாவற்றுக்கும் ஓடர். ஆனால் யாழ்தேவி ரயிலில் ஒரு சீற் வேண்டுமென்றால் ஓடர் சரிவராது. அதற்கு புக், அல்லது ரிசேர்வ். கொழும்பு பஸ்ஸுக்கும் அப்படித்தான், கலியாண மண்டபத்துக்கும் அப்படித்தான். பொருள் உங்கள் கைக்கு வந்து உங்களுடையதாகிவிடுமென்றால் ஓடர். இடத்தையோ நேரத்தையோ உங்களுக்காகப் பிடித்து வைப்பதென்றால் புக். கொத்துரொட்டியை ஓடர் பண்ணலாம், அதைச் சாப்பிடுகிற மேசையை புக் பண்ணவேண்டும்.

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது ஒருவகை, "ஓடர் நகை" இன்னொருவகை. கைக்கு அளவெடுத்து, படம் பார்த்து, முற்பணம் கட்டி, தவணை கேட்டுச் செய்விப்பது. ஆங்கிலத்தில் "மேட் டு ஓடர்". தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பிப்பதும் இதுதான்.

இந்த இடத்தில் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தபால் கந்தோரில் மணி ஓடருக்கு என்ன பெயர்? காசுக்கட்டளை. காசைக் கட்டிவிட்டு, "இந்தக் காசை இன்னாருக்குக் கொடு" என்று தபால் கந்தோருக்கு எழுத்தில் போடுகிற கட்டளை. காசோலையும் அப்படித்தான், வங்கிக்குப் போடுகிற கட்டளை. அந்தக் காலத்தில் மொழிபெயர்த்தவர்கள் வேரைப் பிடித்துத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். "அக்கா, முப்பது இடியப்பம் அவியுங்கோ" என்பதும் அடியில் ஒரு ஏவல்தான். காசு கொடுப்பதாலும் "அக்கா" என்பதாலும் அது உறைக்காமல் போகிறது.

வரிசைப் பக்கம் கொஞ்சம் வேகமாகப் போகலாம். ஏறுவரிசை, இறங்குவரிசை, அகரவரிசை எல்லாம் ஓடர். ஒத்தசொல் சீக்வென்ஸ். ஆனால் சீக்வென்ஸ் என்றால் ஒன்றிலிருந்து அடுத்தது தொடர்ந்து வரவேண்டும், இடை அறுந்தால் பொருள் கெடும். உயிரியல் படிக்கிறவர்கள் வகுப்புக்குக் கீழே, குடும்பத்துக்கு மேலே வருகிற "வருணம்" என்பதும் ஆங்கிலத்தில் ஓடர்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டளை என்று எழுதினால் புள்ளி போகும்.

வரிசையில் இரண்டு பொறி உண்டு. ஒன்று கியூ. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நின்றோமே, காஸ் சிலிண்டர்களைக் கயிறால் பிணைத்து றோட்டோரம் நிரையாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தோமே, அது கியூ. அந்தக் கியூவில் யாருக்குப் பின்னால் யார் என்பது ஓடர். சிலிண்டர்களை யாராவது இரவில் மாற்றி வைத்துவிட்டால் கியூ அப்படியேதான் இருக்கும், ஓடர் குழம்பிவிடும். சண்டை வந்ததெல்லாம் ஓடருக்காகத்தான்.

மற்றது முறை. எங்கள் தோட்டங்களில் பங்குக் கிணறு உண்டு. நாலைந்து பேருக்கு ஒரே கிணற்றில் பங்கு, உறுதியிலேயே எழுதியிருக்கும். இன்றைக்கு அவர் இறைப்பார், நாளைக்கு இவர். "இண்டைக்கு எங்கட முறை" என்றால் ஆங்கிலத்தில் "டேர்ன்". ஒரு பிள்ளை "டுடே இஸ் அவர் ஓடர்" என்று எழுதியிருந்தது. முறைகள் எல்லாம் சேர்ந்து அடுக்கப்பட்டிருப்பது ஓடர், அதில் உனக்கு வருகிற ஒரு பங்கு டேர்ன் என்று சொல்லிக் கொடுத்தேன். கிணற்றைச் சொன்னவுடன் அதற்கு விளங்கிவிட்டது. தகப்பன் வெங்காயம் செய்கிறவர்.

ஒத்தசொல் என்று சொல்லிக்கொண்டே போகிறேன், ஒன்றையும் ஒன்றுக்குச் சமம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் முன்னோர் திண்ணைப் பள்ளியில் நிகண்டு பாடமாக்கினார்கள். சூடாமணி நிகண்டு போன்றவை சொற்களைப் பொருள்படி அடுக்கியவை: ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று செய்யுளில் வரும். பிறகு அகராதி வந்தது. 1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சிட்ட அகராதி, சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. தேடுவதற்கு வசதி. ஆனால் உறவுக்காரச் சொற்கள் ஊருக்கொன்றாகச் சிதறிவிட்டன. இன்றைக்குப் போனில் ஒத்தசொல் தேடினால் முப்பது சொல் வந்து விழுகிறது, நிகண்டு போலத்தான். எந்தச் சொல் எந்த இடத்துக்கு என்று அது சொல்லாது. அந்தப் பட்டியலைப் பார்த்து நேரே கட்டுரையில் ஒட்டுகிற பிள்ளைகளை எனக்கு இரண்டாவது வரியிலேயே பிடிபடும்.

கடைசி ஒழுங்கை சீர். அறை ஒழுங்காக இருந்தால் நீற், டைடி. ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் "இன் ஓடர்". பிரதேச செயலகத்திலோ விசா நேர்முகத்திலோ "யுவர் பேப்பர்ஸ் ஆர் இன் ஓடர்" என்று ஒருவர் சொன்னால், தாள்களை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று பாராட்டவில்லை. குறையொன்றும் இல்லை, எல்லாம் செல்லும் என்கிறார். நிம்மதியாக மூச்சு விடலாம்.

அதற்கு எதிர் "அவுட் ஒஃப் ஓடர்". இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், காசெடுக்கிற மெசினில். எங்கள் பக்கத்து மெசின் ஒன்றில் தீபாவளிக்கு முதல் நாள் ஒட்டிய தாள், தைப்பொங்கல் வரைக்கும் கிடந்தது. பொருள் எளிது: பழுது, வேலை செய்யாது. ஆனால் கொப்பியின் பக்கங்கள் முன்பின்னாகக் கிடந்தாலும் அவுட் ஒஃப் ஓடர். ஒருவர் கூட்டத்தில் வரம்பு மீறிப் பேசினாலும் அவுட் ஒஃப் ஓடர். பாராளுமன்றத்தில் சபாநாயகர் "ஓடர், ஓடர்" என்று கத்துவது இடியப்பத்துக்காக இல்லை. ஒழுங்கைக் காக்கச் சொல்லி. உறுப்பினர் எழும்பி "பொயின்ற் ஒஃப் ஓடர்" என்றால் தமிழில் ஒழுங்குப் பிரச்சினை. ஒன்று கவனியுங்கள்: மெசினுக்கும் பக்கத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் பொருந்துகிற இந்தத் தொடர் மனிதரின் சுகவீனத்துக்குப் பொருந்தாது. காய்ச்சலில் கிடக்கிற ஆளை அவுட் ஒஃப் ஓடர் என்று லீவுக் கடிதத்தில் எழுதினால் அதிபர் வேறுவிதமாக விளங்கிக்கொள்வார்.

சில தொடர்களை அப்படியே பாடமாக்குவதுதான் வழி. "டோல் ஓடர்" என்றால் லேசில் நடக்காத காரியம்: ஒரு மாதத்தில் ஆங்கிலம் சரளமாகப் பேசவைக்கிறோம் என்று மதிலில் ஒட்டுகிறார்களே, அது. "ஓடர் எரவுண்ட்" என்றால் எடுத்ததற்கெல்லாம் ஆளை ஏவி அதிகாரம் பண்ணுவது. "இன் ஓடர் டு" என்பதில் வரிசையையோ கட்டளையையோ தேடவேண்டாம். "படிக்கிறதுக்கு வந்தனான்" என்பதில் வருகிற அந்த "றதுக்கு" மட்டும்தான். பேச்சில் வெறும் "டு" போதும். முழுவதையும் எழுதினால் கொஞ்சம் கந்தோர்த்தனமாக இருக்கும்.

இவ்வளவும் சொல்லி இரண்டு கிழமைக்குப் பிறகு "என் தாய்" என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். இடியப்ப அக்காவின் மகள் எழுதியிருந்தாள்: "மை மதர் டேக்ஸ் ஓடர்ஸ் ஃப்ரொம் த ஹோல் லேன்."

சிவப்புப் பேனை அந்த வரியில் நின்றுவிட்டது. ஓடர் எடுக்கிறா என்றும் பொருள். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரிடமிருந்து "டேக் ஓடர்ஸ்" என்றால் அவர் சொன்னபடி கேட்டு நடப்பது என்றும் பொருள். ஒழுங்கை முழுக்கச் சொல்கிறபடி என் அம்மா ஆடுகிறா என்றும் படிக்கலாம். பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு பொருளையும் சொன்னேன். எதை எழுத நினைத்தாய் என்று கேட்டேன்.

"நானும் யோசிச்சனான் சேர். அம்மாட்டையே கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

"மாவைக் குழைச்சுக்கொண்டு நிண்டவ. ரெண்டும் சரிதான், மாத்தாதை எண்டவ."

சரி போட்டுக் கொடுத்தேன்.